ஓர்கன் காசு: ஒரு பங்குக்குள் 11 மாதம் முகம் பாராமல் இருந்த கதை

திருகோணமலையில் எங்கள் பங்கு, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகம், பெரியதல்ல. ஞாயிறு பூசைக்கு வாங்குகள் நிரம்பும், அவ்வளவுதான். யார் எந்த வாங்கில் இருப்பார் என்பது எல்லோருக்கும் பாடம். ஒருவர் இடம் மாறி இருந்தால் பூசை முடிவதற்குள் காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். அப்படியான ஒரு பங்கில் திருவிழாக் குழுவின் பொருளாளராக இருந்தபோது, 140,000 ரூபாயின் பேரில் பாடகர் குழாமின் பொறுப்பாளரோடு 11 மாதம் கதை பேச்சில்லாமல் இருந்தேன். அந்தப் பணத்தில் ஒரு சதம் என் வீட்டுக்கு வரவில்லை, அவர் வீட்டுக்கும் போகவில்லை. என் கைக்காசு மட்டும் 21,500 ரூபாய் போனது. சட்டத்தரணியின் கடிதத்துக்கு 6,000, முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் விட்ட பாட்டுக்காரருக்கு 12,000, மிச்சம் ஓட்டோவுக்கும் போட்டோக்கொப்பிக்கும். நித்திரை போன கணக்கு வேறு. முதல் கிழமையிலேயே யாராவது வந்து "இந்த இடத்தில நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்ல ஒருவரும் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று உசுப்பேற்றத்தான் ஆள் இருந்தது.

அது பாடகர் குழாம் ஓர்கன் வாங்கவென்று இரண்டு மார்கழி கரோல் பாடிச் சேர்த்த காசு. உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் மழைக்குள் லொறியில் நின்று பாடினார்கள். பழைய ஓர்கனில் மூன்று கட்டைகளுக்குச் சத்தம் வராது. வாசிக்கிற பெடியன் அந்தக் கட்டைகளில் கை படாமலிருக்கப் பாட்டின் சுருதியையே மாற்றிக்கொள்வான், ஆண்கள் பக்கம் தொண்டை கிழியும். 168,000 ரூபாய் சேர்ந்து பங்குக் கணக்கில் கிடந்தது. கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது கோயில் மைக்குக்குச் சத்தம் கூட்டுகிற அம்ப் எரிந்துபோனது. இரவு ஒன்பதரைக்குக் குழு கூடியது, ஏழு பேர். பாடகர் குழாமிலிருந்து ஒருவரும் இல்லை, ஒருவரையும் கூப்பிடவும் இல்லை. "ஓர்கன் காசு சும்மாதானே கிடக்குது, இப்ப எடுப்பம், காணிக்கை வந்த உடனே வைப்பம்" என்றார் ஒருவர். புது அம்பும் மிக்ஸரும் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸும் 140,000. காசோலையில் நான் கையெழுத்து வைத்தேன். கூட்டக் குறிப்பில் இதற்கு ஒரே ஒரு வரி.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஒரு நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். இது நல்ல பழக்கம் என்ற அளவில் சொல்லப்படும் ஒன்றல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1267ஆம் சட்டத்தின் 3ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. 1287ஆம் சட்டம், மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது 537ஆம் சட்டம். பொருளாளராக இருந்த எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. "கோயில் காசு கோயிலுக்குத்தானே போகுது" என்ற நினைப்புத்தான். பங்குகளில் வருகிற காசுச் சண்டைகளில் நான் பார்த்த பலவற்றுக்கு அடி இதுதான்: களவு இருக்காது, ஒரு தலைப்பில் கிடந்த காசு இன்னொரு தலைப்புக்குச் சொல்லாமல் போயிருக்கும். வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் பேரேட்டில் ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனிப் பக்கம் வையுங்கள். அவசரத்துக்கு எடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்தக் காசைச் சேர்த்தவர்களிடம் கேட்டு, அவர்கள் ஓமென்ற பிறகு, எந்தத் திகதிக்குள் திரும்ப வைப்பது என்று எழுதிவிட்டு எடுங்கள். கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அன்று ஒன்பதரை மணிக்குப் பாடகர் குழாமின் பொறுப்பாளர் முழித்துத்தான் இருந்திருப்பார்.

நவநாள் மூன்றாம் நாள் அவர் புது பொக்ஸைக் கண்டார். பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்து மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது, 2 நிமிடம் 40 செக்கன். பைப்பைப் பூட்டாமல், கை ஈரத்தோடு போனை யன்னல் கட்டில் வைத்துக் கேட்டேன். என் காதில் விழுந்தது "திருட்டுத்தனமா" என்ற ஒரு சொல். மிச்சத்தைக் கேட்கவில்லை. துடைத்த கையோடு அதே குழுவில், 60 பேருக்கு முன்னால், "கரோல் காசுக்கு நீங்கள் இவ்வளவு நாளும் பற்றுச்சீட்டுக் குடுத்தனீங்களோ" என்று எழுதினேன். 11 மாதம் கழித்து, சமாதானப் பேச்சுக்கு ஆயத்தப்படுத்தும்போதுதான் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டேன். அவர் சொன்னது இது: "தங்கச்சி திருட்டுத்தனமாச் செய்தவ எண்டு நான் சொல்ல வரேல்ல, என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே." என் தண்ணீர்ப் பைப் தின்றது அந்த "வரேல்ல" என்ற சொல்லை.

குரல் பதிவு ஒரு பொல்லாத சாமான். கோபத்தின் சூடு முழுக்க வந்து சேரும், இடையில் நிறுத்தி "என்ன சொன்னீங்கள்?" என்று கேட்க வழி இருக்காது. எழுத்தில் எதிர்ப்பக்கம்: சூடு இல்லாத வசனத்துக்கும் வாசிக்கிறவர் தன் சூட்டை ஏற்றிக்கொள்வார். ஆகவே பிணக்கு என்று தெரிந்த உடனே குழுவில் போடவேண்டியது ஒரே ஒரு வசனம்: "அண்ணா, இதை நேரில கதைப்பம், நாளைக்கு எத்தினை மணிக்கு வசதி?" விளக்கம் வேண்டாம், நியாயம் வேண்டாம், வேத வசனமும் வேண்டாம். வசனம் போடுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அன்றிரவு எனக்காகப் பரிந்து ஒருவர் நீதிமொழிகளிலிருந்து ஒன்று போட்டார், அவருக்காக இன்னொருவர் சீராக்கிலிருந்து ஒன்று போட்டார். விடிய 140 செய்தி.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். திருவிழாப் பூசைக்குப் பாடகர் குழாம் வரவில்லை. பிடித்த பாட்டுக்காரரும் வரவில்லை. சனம் தாளம் பிசகப் பிசகப் பாடியது, புது பொக்ஸில் அது மிகத் துல்லியமாகக் கேட்டது. நான் புது ஸ்கூட்டி எடுத்தது ஓர்கன் காசில் என்று கதை வந்தது. லீசிங் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்குக் காட்டவா முடியும்? என் கணவர் பொறுக்காமல் சட்டத்தரணியிடம் போய்க் கடிதம் அனுப்பினார். பாதர் ஒரு ஞாயிறு மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். அது அவருக்குச் சொன்னது என்று நான் நினைத்தேன், எனக்குச் சொன்னது என்று அவர் நினைத்தார்.

அதற்கு மேல் ஆயர் இல்லத்துக்கு ஒரு மனு, 43 கையெழுத்து. விலாசத்தில் "திருகோணமலை - மட்டக்களப்பு மறைமாவட்டம்" என்று இருந்தது. மட்டக்களப்பு 2012இலேயே தனி மறைமாவட்டமாகிவிட்டது. 43 பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை என்றால், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அதுதான் கையெழுத்து வேட்டையின் கேடு. இரண்டு பேருக்கு இடையில் கிடந்த விஷயம் 43 குடும்பத்தின் மானப் பிரச்சினையாகிவிடும். பிறகு அந்த இரண்டு பேரும் சமாதானமானாலும் மற்றவர்கள் விடமாட்டார்கள், "அப்ப நாங்கள் வைச்ச கையெழுத்து என்ன, பகிடியா?" மனுப் போடக்கூடாது என்று சொல்லவில்லை. திருச்சபையின் நன்மை கருதித் தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, அது அதே சட்டத்தொகுப்பின் 212ஆம் சட்டம். பங்குத்தந்தை எழுத்தில் தந்த ஒரு நிர்வாக முடிவை எதிர்ப்பதென்றால் ஆயரிடம் முறையிட 15 நாள் தவணை இருக்கிறது, அதைத் தவறவிட்டால் பின்னர் அழுது பயனில்லை. ஆனால் அந்தச் சட்ட வரிசையே 1733ஆம் சட்டத்தில் எப்படித் தொடங்குகிறது என்றால், முறையிடுவதற்கு முன் முடிவெடுத்தவரோடு பேசி, வேண்டுமானால் நிதானமுள்ள வேறு ஆட்களை வைத்து, நியாயமான தீர்வு காணப் பாருங்கள் என்றுதான். மேலே போனாலும் திரும்பக் கீழேதான் அனுப்புவார்கள். எங்களுடையதும் அப்படியே பாதரின் மேசைக்குத் திரும்பி வந்தது.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரம் எல்லோருக்கும் தெரியும்: முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபைக்குச் சொல். நாங்கள் அதைச் சரியாகத் தலைகீழாகச் செய்தோம். 60 பேருக்கு முன்னால் தொடங்கி, ஆயர் இல்லம் வரை போய், 11 மாதம் கழித்துத் தனியாகப் பேச வந்தோம். தனியாகப் பேசுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. பூசை முடிந்து கோயில் வாசலில் பிடிக்கக்கூடாது, பார்வையாளர் கூடிவிடுவார்கள், ஆட்கள் பார்த்தால் மனிதன் விட்டுக்கொடுக்கமாட்டான். சாப்பாட்டு நேரத்துக்குக் கிட்டவும் வேண்டாம். ஒரு நாள் ஆறவிட்டு, மூன்று நாளைக்கு மேல் போகவிடாமல் பேசுவது நல்லது. நாலாம் நாளுக்கு ஊர் உங்களுக்காகப் பேசத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் ஒரு பெண் தனியே ஒரு ஆணின் வீட்டுக்குப் போய்ப் பேசினால் அது இன்னொரு கதையாகும். கணவரையோ சகோதரியையோ கூட்டிப் போய், முன் விறாந்தையில், கண்ணுக்குத் தெரியும் காதுக்கு எட்டாத தூரத்தில் இருத்துங்கள். கூட வந்தவர் வாய் திறக்கக்கூடாது என்று வீட்டிலேயே பேசிவைத்துவிட்டுப் போகவேண்டும்.

எங்கள் விஷயத்தில் அந்தக் கட்டம் கடந்துவிட்டது. மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. அவரைத் தேடத்தான் அதிக நாள் எடுத்தது. பங்குக்குள் பார்த்தால் ஒன்று அவருக்குச் சொந்தம் அல்லது எனக்குச் சொந்தம், பலர் இரண்டு பேருக்கும் சொந்தம். மனுவில் கையெழுத்து வைத்தவர் கூடாது, அந்த இரவுக் கூட்டத்தில் இருந்தவரும் கூடாது. பாதரையே வைப்போம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு இப்போது அது சரியாகப் படவில்லை. கடைசி முடிவு சொல்லவேண்டியவர் அவர். அவர் நடுவில் இருந்து பேச்சு முறிந்தால் பிறகு போக இடமில்லை. அதோடு அவர் முன்னால் ஆட்கள் உள்ளதைச் சொல்வதில்லை, பக்தியாகப் பேசுவார்கள். பாதர் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆளைத் தேடித் தருவதும் அறையின் திறப்பைத் தருவதும். எங்கள் பாதர் அதைச் செய்தார். பாலையூற்றுப் பக்கமிருந்து இளைப்பாறிய அதிபர் ஒருவர் வந்தார், நாங்கள் சேர் என்போம். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில் பவுல் இரண்டு பெண்களின் பிணக்குக்கு உதவும்படி மூன்றாவது ஒருவரைத்தான் கேட்கிறார் என்று சேர் சொன்னார். அவர் சொன்ன ஒரே வேத வசனம் அதுதான்.

மறைக்கல்வி வகுப்பறை ஒன்றில் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இருந்தோம். இரண்டு அமர்வு, இடையில் ஒரு கிழமை. ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகாது என்று சேர் முதலே சொல்லிவிட்டார். களைத்த பிறகு சொல்லும் சொல்தான் அதிகம் வெட்டும். பிளேன்டீ முடிவில் இல்லை, தொடக்கத்திலேயே வந்தது. போன்களை மேசை லாச்சிக்குள் போடச் சொன்னார். கதிரைகளை எதிரெதிரே வைக்காமல் மேசையின் ஒரு மூலையைச் சுற்றி வைத்தார். செபம் அவரே சொன்னார், அரை நிமிடம். எங்களில் ஒருவரைச் சொல்லவிட்டிருந்தால் "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கடின மனதை இளகச் செய்யும்" என்று கைகூப்பியபடியே ஒரு அடி அடித்திருப்போம். செபத்தில் சண்டை பிடிப்பதில் எங்கள் ஆட்கள் தேர்ந்தவர்கள்.

ஆளுக்குப் பத்து நிமிடம், மற்றவர் குறுக்கிடக்கூடாது. முடிந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும், பேசியவர் "ஓம், அதுதான்" என்று சொல்லும்வரை. எனக்கு நாலு தரம் எடுத்தது. முதல் தரம் "நான் காசை எடுத்தது பிழை எண்டு சொல்றார்" என்றேன், அவர் தலையாட்டவில்லை. இரண்டாம் தரம் "கணக்குக் கேக்கிறார்" என்றேன். "இல்லத் தங்கச்சி, நான் கணக்குக் கேக்கேல்ல" என்றார். நாலாம் தரம்தான் விளங்கியது. கரோலுக்கு வந்த பெடியன்களின் தாய் தகப்பனுக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். காசு போனது தனக்குத் தெரியாது என்று அந்த வீடுகளில் நின்று சொல்லவேண்டி வந்தது. 11 மாதம் அவர் காவியது அதைத்தான், அம்பையோ பொக்ஸையோ அல்ல.

சேர் ஒரு மொனிட்டர் கொப்பியில் மூன்று பத்தி கீறினார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றில், ஒத்துக்கொள்ளாதது அடுத்ததில், நொந்தது மூன்றாவதில். முதல் பத்தி நிரம்பிக்கொண்டே போனது, அதைப் பார்க்க எங்களுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவதில் மூன்றே வரி, மூன்றுக்கும் பேரேடும் பில்லும் அடுத்த கிழமை கொண்டுவந்தால் முடிந்தது. மூன்றாவது பத்தியில் இருந்ததற்குப் பில் இல்லை. பலர் செய்யும் பிழை, மூன்றாவதில் இருப்பதை இரண்டாவது பத்தி மாதிரி வாதாடுவது. "உங்களுக்கு நோக ஒண்டுமில்லையே" என்று ஒருவருக்கு நிரூபித்துக் காட்ட முடியாது. இன்னொன்று: திருகோணமலைப் பங்குகளில் தமிழோடு சிங்களம் பேசும் குடும்பங்களும் பறங்கியர் குடும்பங்களும் இருக்கும். அப்படியான அமர்வென்றால் இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்கவேண்டும், நேரத்தை இரட்டிப்பாகப் போடுங்கள். முடிவில் சுருக்கிச் சொல்லும் மொழிபெயர்ப்பில் மரியாதைச் சொற்கள்தான் முதலில் உதிரும்.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதையும் அங்கேதான் படித்தேன். "மனம் நொந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினேன். சேர் கையைக் காட்டி நிறுத்தினார், "இருந்தா எண்ட சொல்லை எடுங்கோ பிள்ளை." எடுத்தபோது வசனமே மாறிவிட்டது: "உங்களிட்டக் கேக்காமல் கையெழுத்து வைச்சன். குழுவில பற்றுச்சீட்டுக் கதையை எழுதினன். ரெண்டும் பிழை." அவ்வளவுதான், "ஆனா" என்று ஒரு வால் இல்லாமல். அவர் தன் பங்குக்கு, பாடாமல் விட்டது சனத்துக்குச் செய்த பிழை என்றும் ஸ்கூட்டிக் கதையைக் கேட்டும் மறுக்காமல் இருந்ததாகவும் சொன்னார். பழி எங்கே சொல்லப்பட்டதோ அங்கேயே அதை எடுக்கவேண்டும் என்று முடிவானது. ஆகவே இரண்டு பேரும் அதே வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுதினோம், சேர் பார்த்த பிறகு.

இணக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். 140,000ஐ மூன்று தவணையில், 50,000, 50,000, 40,000 என்று, திகதி போட்டு ஓர்கன் பக்கத்துக்குத் திரும்ப வைப்பது. பாடகர் குழாமிலிருந்து ஒருவர் திருவிழாக் குழுவில் இருப்பது. மூன்று மாதம் கழித்து அரை மணித்தியாலம் மீண்டும் கூடிப் பார்ப்பது. திகதி, தொகை, ஆள் இந்த மூன்றும் இல்லாத இணக்கம் கைகுலுக்கலோடு போய்விடும்.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. பிள்ளை ஒன்றின் மேல் கை வைத்த விஷயமென்றால் வகுப்பறையில் பிளேன்டீ வைக்கிற வேலை வேண்டாம், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். வீட்டுக்குள் அடி என்றால் பெண்களுக்கு 1938. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தைக் காட்டி "கோயில் விஷயத்தை வெளியில கொண்டு போகாதேங்கோ" என்று வாயடைப்பவர்கள் உண்டு, அது அதற்காக எழுதப்பட்டதல்ல. காணி, கடன் போன்ற சாதாரண வழக்கென்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே உங்களுக்காகப் பேசச் சட்டத்தரணி வர முடியாது, நீங்களே பேசவேண்டும். நான் 6,000 ரூபாய் கொடுத்துக் கடிதம் அனுப்பியதற்கு அது எவ்வளவோ மேல்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. இரண்டு குடும்பம் அந்த 11 மாதத்துக்குள் வேறு பங்குக்குப் போனது, போய்க் கதைத்தோம், "பாப்பம்" என்றார்கள். திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும்கூடக் கடுமையாக முரண்பட்டு வேறு வேறு வழியில்தான் போனார்கள்.

ஓர்கன் போன ஆனியில் வந்தது. பேரேட்டில் இப்போது "யாரிடம் கேட்டது, எப்போது" என்று ஒரு பத்தி கூடுதலாக இருக்கிறது. சென்ற மாதம் மைக் வயர் ஒன்று மாற்ற 1,200 ரூபாய் எடுக்கவேண்டியிருந்தது, கொப்பியை அவரிடம் நீட்டினேன். "இதுக்குமா தங்கச்சி?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு, பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார்.